ஓடை வந்திருந்த கூட்டம்

“தண்ணிக்கு ஓட்டு உண்டா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்கய்யா!” என்று டெக்ஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“தண்ணி வாயே தொறக்கல. கத்துறது நீதான், உக்காரு,” என்றாள் லோர்னா.

1988 மார்ச் மாதம், முதல் செவ்வாய். வெர்மான்ட் மலையில் இருக்கும் எங்கள் ஊரின் வருடாந்தரக் கூட்டத்துக்கு ஓடை வந்திருந்தது. படியேறி, கோட்டு மாட்டும் இடத்தைத் தாண்டி, வெளியூர்க்காரர்களுக்காகச் சுவரோரம் போட்டிருக்கும் பெஞ்சுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் உட்காரலாம், கை தூக்கக்கூடாது என்றார். அவ்வளவுதான், ஜனங்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த விஷயம் லோர்னாவுடையது. ஓடை பிறக்கிற மலைக்காட்டில் இருபத்தைந்து ஏக்கருக்கு ஒரு வீட்டுக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியை எழுத அவளுக்கு நான்கு வருஷம் பிடித்தது. அந்த நான்கு வருஷமும் அவள் வீட்டில் டப்பா சூப்தான் என்பது ஊருக்கே தெரியும். புருஷன் ஆர்வில் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். காட்டுக்குச் சொந்தக்காரனான டெக்ஸ்டரோ அதை எண்பது விடுமுறை வீடுகளுக்கு விலைபேசி முடித்திருந்தான்.

லோர்னா கைகளை எண்ணி வைத்திருந்தாள்; பத்துக் கை கூடுதலாகவே இருந்தது. ஆனால் ராத்திரி உறைபனி விழுந்து, காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மேப்பிள் மரங்களில் சாறு இறங்க அதுதான் பக்குவம். மதியம் பந்தியில் உட்காராமல், கூட்டத்தில் வைத்திருந்த அவித்த பீன்ஸை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மரத்தில் வாளி கட்டிச் சாறெடுத்துப் பாகு காய்ச்சுகிறவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். காட்டின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். கடைசியாக ஆர்வில் தொப்பியை எடுத்தான்.

“வாளி நெறஞ்சு வழியுது. ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்.”

“ஒரு கை கொறஞ்சாலும் போச்சு, ஆர்வில்.”

“அதான் நீ இருக்கியே.”

ஐம்பத்தாறு கை வேண்டும் என்றது, ஐம்பத்தாறு வேண்டாம் என்றது; சரிக்குச் சரியானால் விதி தோற்றதாகக் கணக்கு. ஓடை பெஞ்சுக்கடியிலிருந்து எழுந்தது, லோர்னாவின் பூட்ஸை நனைத்தபடி வாசலுக்குப் போனது. வந்த வழியில் திரும்பவில்லை; மேட்டில் ஏறி, முகட்டைத் தாண்டி, அதே விதியைக் காலையிலேயே நிறைவேற்றியிருந்த பக்கத்து ஊருக்குள் இறங்கிவிட்டது. இரண்டு நாற்பதுக்கு வெளியேறியதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது.

ஆர்வில் மூன்றரைக்கு, உடம்பெல்லாம் பாகு மணக்க, மூச்சிரைக்க வந்தான். “என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. சாறு நல்லா எறங்குச்சா?” என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

எண்பது வீடுகளும் வந்தன. கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. டெக்ஸ்டர் ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தான். கூட்டம் நடந்த வருஷம் ஜூனிலேயே லோர்னா இரண்டு பெட்டியோடு முகட்டுக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனாள். பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஆர்வில் மூன்றாம் வருஷம், எங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் விதவை நெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டான். சனிக்கிழமைதோறும் நெட்டி லோர்னாவின் வாசலருகே லாரியை நிறுத்தி, ஓடையில் குழாயைப் போடுகிறாள். லாரி நிறைய நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.