கோழிக்குச் சொன்ன சூ

ஜிம்மி இனி ஒரு பிழை விட்டால் கதை முடிந்தது. போன மாதம் அது தபால்காரர் மேல் பாய்ந்ததற்கு, நாய் விவகாரம் பார்க்கும் அதிகாரி மாசி என்ற புறநகரிலுள்ள அவர்கள் வீட்டுக்கே வந்து, இன்னொரு புகார் வந்தால் நாயைக் கொண்டுபோய்விடுவோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஸ்வர்ணாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை, சதுப்பு நிலத்தை ஒட்டிய நாய்ப் பூங்காவில் அவள் கணவன் யசீகரன் ஜிம்மியின் வாரைக் கழற்றியபோது, அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். ஆனால் ஜிம்மி அன்றைக்குத் தங்கப்பிள்ளை. மற்ற நாய்களெல்லாம் சேற்றில் கும்மாளமடிக்க, அவன் அவள் காலடியிலேயே படுத்துக் கிடந்தான்.

"பாத்தியளே, என்ர பிள்ளையில வீணாப் பழி போட்டவை" என்றாள்.

அப்போதுதான் வேலிக்குக் கீழாக ஒரு நீலக்கோழி நுழைந்தது. புகேகோ என்பார்கள் இந்த நாட்டில். பின்னால் மூன்று கறுப்புக் குஞ்சுகள். இத்தனை நாய்களுக்கு நடுவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உலாத்த வந்த தாயின் புத்தியை என்னவென்று சொல்வது. ஸ்வர்ணா பதறிப்போய் ஓடி, இரண்டு கையையும் வீசி, "சூ, சூ" என்று கலைத்தாள்.

ஜிம்மி அவளைத் தாண்டிப் பாய்ந்தான். தாய் பறந்துவிட்டது. ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்து, மெச்சுவாள் என்று வாலை ஆட்டினான். குஞ்சு அசையவில்லை.

"நீர் ஏன் சூ எண்டனீர்?" யசீகரன் ஓடிவந்து ஜிம்மிக்கு வாரைப் பூட்டினான். "கராஜுக்குள்ள எலி பிடிக்க நான் அப்பிடித்தான் பழக்கினனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நாய்க்குச் சூக் காட்டுறது தெரியாத ஆக்களும் இருக்கினமே?"

தெரியாமலென்ன. கோழிக்குச் சொன்னால் போ, நாய்க்குச் சொன்னால் பிடி. பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி அவசரத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ. போன மாதம் வாசலில் காயவைத்த மிளகாயைக் கிளறிய மைனாவையும் இப்படித்தான் கலைத்தாள். அந்த நேரம்தான் தபால்காரர் கேற்றைத் திறந்தார். அப்படியென்றால் ஜிம்மியை அவர் மேல் ஏவிவிட்டதும் அவள்தான்.

சதுப்பு நிலத்தைப் பராமரிக்கும் தொண்டர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் குறிப்பேட்டுடன் வந்து, யாருடைய நாய் என்று கேட்டாள். யசீகரன் வாய் திறக்குமுன் ஸ்வர்ணா முந்திக்கொண்டாள். நாயில் பிழையில்லை, தான் சொன்ன ஒரு சொல்லால் வந்த வினை என்று தன் ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

"என்ன சொன்னீர்கள்?"

"சூ."

"நாங்களும் பறவையை அப்படித்தான் விரட்டுவோம். அதற்கு எந்த நாய் பாயும்?"

"எங்கள் நாய் பாயும். அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்."

யசீகரன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். அந்தப் பெண் ஜிம்மியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாள். ஸ்வர்ணா அதைத் தலைகீழாகவே வாசித்தாள். ஏவினால் தாக்கப் பழக்கப்பட்ட நாய், உரிமையாளரே ஒப்புக்கொண்டார் என்றிருந்தது. ஜிம்மியைத் தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.