சுதாஜினி கட்டிய அம்பிளிபயர்

கள்ளச் சாமான் விற்கிறவன் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று சுதாஜினி அந்த மாதம் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். திட்டாமல் என்ன செய்வது? ரவுணுக்குப் போய்க் கடையில் வாங்கி வந்த பவர் டிரான்சிஸ்டர் இரண்டும் பார்வைக்கு அசல் மாதிரியே இருந்தன. கட்டிக்கொண்டிருந்த அம்பிளிபயரில் பூட்டிப் பாட்டுப் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் டப்பென்று வெடித்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே உளுந்தளவு இருக்கவேண்டிய சிலிக்கன் துண்டு எள்ளளவுதான் இருந்தது. அச்சடித்த எழுத்தில் மட்டும் குறை வைக்கவில்லை, பாவிகள்.

அவள் வீட்டு முன்னறையில் ரேடியோ, ஃபேன், தண்ணீர் மோட்டர் எல்லாம் திருத்துகிறவள். வட்டக்கச்சியில் அவள் கைபடாத மோட்டர் குறைவு. சனசமூக நிலையத்தின் பழைய அம்பிளிபயர் எரிந்துபோனபோது, புதிதாக ஒன்று நானே கட்டித் தருகிறேன் என்று போய்ச் சொன்னாள். நிலையத் தலைவர் நல்லதம்பி சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளை, கடையிலை வாங்கின பெட்டியே நிண்டு பிடிக்கேல்லை. நீ கையாலை செய்யிற பெட்டி சனத்துக்கு முன்னாலை நிண்டுபோச்செண்டால் என்ர மூக்கெல்லோ அறுபடும்.”

“நிண்டுபோனால் இனி இந்த ஊரிலை நான் ஒரு வயரையும் தொடமாட்டன், மாமா. காணுமே?”

வாய்க்கொழுப்பில் சொன்ன வார்த்தை. கொட்டிவிட்ட பிறகு அள்ள முடியாது. நல்லதம்பி அதைத் தேத்தண்ணிக் கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட ஏலுமா? சைக்கிளில் போகிறவன் எல்லாம் வேலியருகே காலூன்றி நின்று, “என்ன, பெட்டி பேசுதோ?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவளும் விடவில்லை. பழுதான பழைய யப்பான் பெட்டி ஒன்றிலிருந்து நல்ல டிரான்சிஸ்டர்களைக் கழற்றினாள். ட்ரான்ஸ்போமரைத் தன் கையாலேயே சுற்றினாள். டிரான்சிஸ்டரின் முதுகு அலுமினியத் தகட்டில் நேரே முட்டாமல் இடையில் மைக்காத் தாள் வைத்து முறுக்கினாள். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடுத்தாள். உள்ளே எங்காவது வயர் முட்டிச் சோட் ஆகியிருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். பல்பு ஒருதரம் மின்னி, மங்கி, அடங்கியது. அவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

குசினி வாசலில் நின்று பார்த்த அம்மா, “கொண்ணன் வந்தால் முதல் இதைத்தான் கழட்டிப் பாப்பான். ஒளிச்சு வை,” என்றார்.

வந்தால். அந்த ஒரு சொல்லில்தான் இலட்சுமியம்மா பதினாறு வருடமாக உயிர் வைத்திருக்கிறார். சண்டை முடிந்த அன்று, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்ன ஆமிக்காரரின் கையில் மகனை, சுதாஜினியின் அண்ணன் கிருசாந்தனைத் தானே கூட்டிப்போய் ஒப்படைத்தவர் அவர். அவர்களின் பஸ்ஸில் ஏறியவன் இறங்கியதாகத் தகவல் இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களை அவர் வேலிப் படலையோடு திருப்பி அனுப்பினார். அண்ணனின் படத்துக்கு மாலை போடவும் விட்டதில்லை. அந்த வீட்டில் அவனைப் பற்றி இறந்த காலத்தில் பேசுவதில்லை.

பெட்டிக்கு வாய்த்த முதல் மேடை, பிரதேச சபைத் தேர்தல் கூட்டம். வேட்பாளர் செந்தூரன் வெள்ளை வேட்டியும் கும்பிட்ட கையுமாக வந்திறங்கினார். நிலையத்து முற்றத்தில் கதிரைகள் நிரம்பியிருந்தன. அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார், மகள் கட்டிய பெட்டியைக் கேட்கவென்றே வந்தவர். சுதாஜினி மேடை ஓரத்தில் பெட்டியோடு குந்தியிருந்தாள். தகட்டைத் தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு. சத்தம் கணீரென்று வயல் கரை வரை போனது. நல்லதம்பி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். ஊரை வென்ற சந்தோசம் அவளுக்கு நெஞ்சுமுட்ட இருந்தது.

செந்தூரன் றோட்டுப் போட்டார், குளம் கட்டினார், எல்லாம் வாயால்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இந்த மண்ணுக்காகத் தன் இன்னுயிரை ஈந்து, இன்று எம்மோடு இல்லாத, உங்கள் ஊரின் செல்வம், தம்பி கிருசாந்தன்...”

சுதாஜினிக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. எவ்வளவு துணிவு. அண்ணனின் முகம்கூடத் தெரியாத ஒருவன், நாலு வாக்குக்காக, அவனைக் கொன்று போடுகிறான். அதுவும் அவள் இராப்பகலாகக் கட்டிய பெட்டியாலேயே, அம்மாவின் காதுக்குள்ளேயே. கை தானாகப் போய் சுவிச்சை அமர்த்தியது.

செந்தூரனின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

“சொன்னனான்தானே. கையாலை செய்த பெட்டியெண்டால் உப்பிடித்தான்,” என்றான் அங்கிருந்த ஒருவன்.

நல்லதம்பி வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். “எரிஞ்சு போச்சே, பிள்ளை?”

ஓம் என்றால் போதும். பேச்சு அதோடு முடியும், அம்மா இன்னொரு தடவை அதைக் கேட்கத் தேவையில்லை. அவள்தான் இனி வயரைத் தொடமுடியாது. அதற்கும் அவள் ஒரு கணம் துணிந்தாள். ஆனால் அப்படி விட்டால் அண்ணன் செத்தது செத்ததாகவே ஊரில் நின்றுவிடும். அவள் மேடையைப் பார்த்தாள். அம்மா கதிரையை விட்டு எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

சுதாஜினி சுவிச்சைப் போட்டாள். எழுந்து செந்தூரனின் முன்னால் இருந்த மைக்கை எடுத்தாள்.

“பெட்டியிலை ஒரு பழுதும் இல்லை. நான்தான் நிப்பாட்டினனான்.”

“பிள்ளை, ஒரு மரியாதைக்குத்தானே கொண்ணன்ர பேரைச் சொல்லச் சொல்லி நான் குடுத்தனான்,” என்று நல்லதம்பி கீழே நின்று கெஞ்சினார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கூட்டம் நடக்கிற ஊரில், சண்டையில் செத்த அந்த ஊர்ப் பிள்ளைகளின் பேரைச் சொல்லுவது வழக்கம். சொல்லாவிட்டால்தான் வீட்டுக்காரர் கோபிப்பார்கள் என்று நினைத்திருந்தார்.

அம்மா மகளின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

“தம்பி, என்ர மகன் உயிரோடை இருக்கிறான் எண்டு நான் அடிச்சுச் சொல்லேல்லை. எனக்குத் தெரியாது. செத்துப் போனான் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். எங்கை கண்டனீங்கள்?”

செந்தூரன் மைக்குக்கு எட்டாமல் பின்வாங்கி, “அம்மா, நான் ஒரு மதிப்புக்காகத்தான்...” என்று முணுமுணுத்தார்.

“இதிலை சொல்லுங்கோ. சனமும் கேக்கட்டும்.” அம்மா மைக்கை அவருடைய வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தார். “ஆர் காட்டினது? எந்த இடத்திலை? சொல்லுங்கோ, நான் போய்ப் பாக்கிறன்.”

செந்தூரனின் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. அம்மா மைக்கைத் தாழ்த்தவில்லை. சுதாஜினி குனிந்து சத்தத்தை இன்னும் கூட்டினாள்.