இரண்டு ஸ்பூன்

பதினொன்றரை மணிக்குக் குழந்தை அழவில்லை. இரண்டு வயதாகும் அவனை அந்த வீட்டில் 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோரையும் ஆட்டி வைப்பதால் அந்தப் பெயர். பன்னிரண்டு நாளாக இந்த நேரத்துக்கு எழுந்து மூன்று மணிவரை வீட்டை உலுக்கிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டு டாக்ஸிக்காரர் நேற்றுத்தான் படியில் மறித்துக் கேட்டிருந்தார்: "என்னம்மா, உங்க மேனேஜருக்கு நைட் ஷிஃப்ட்டா? நான் காலையில வண்டி ஓட்ட வேணாமா?"

குழந்தையின் அம்மா சிரித்துச் சமாளித்தாள். உள்ளூரப் பயம் வேறு. கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு பெட்டிகளைத் தூக்கி இறக்க வேண்டும். போன வாரம் அங்கே ஒரு நிமிடம் கண் அசந்துவிட்டதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அதனால்தான் சலவைக்கடையிலிருந்து ஒன்பது மணிக்கு வந்தவள், குடித்தால் தூக்கம் வரும் பழைய சளி மருந்தைப் பாலில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுத்தாள். 'ஒரே ஒரு ராத்திரி, அவர் தூங்கட்டும்' என்று நினைத்தாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான்.

இப்போது அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள். குழந்தையின் தலை துணிபோல் ஒருபக்கம் சாய்ந்தது. மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். வந்தது, ஆனால் எவ்வளவு நேரம் கழித்து!

"எழுந்திருங்க! பையன் முழிக்கல!"

கணவன் பாய்ந்து எழுந்து குழந்தையை உலுக்கினான். அவன் முகம் அவளுடையதைவிட வெளிறிப் போனது. ஏன் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி டாக்ஸிக்காரரின் கதவைத் தட்டினாள். பனியனோடு வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை எடுத்தார்.

"பின்னாடி ஏறுங்க. தலையை நிமிர்த்திப் பிடிம்மா. அவன்கிட்ட பேசிக்கிட்டே இரு."

வழிநெடுக அவள் பேசினாள். பேச்சு தீர்ந்தபோது, 'கடவுளே, இவன் இனி தினமும் விடிய விடிய அழட்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

மருத்துவமனையில் நர்ஸ் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்ன கொடுத்தீங்க? எவ்வளவு? சரியாச் சொல்லுங்க."

"சளி மருந்து. ஒரு ஸ்பூன். ஒன்பதரைக்கு." அவள் கணவனைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுதானே?"

அவள் தலையசைத்தாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிடத் திரும்பினார்.

"ரெண்டு." கணவன் முன்னால் வந்தான். "எட்டு மணிக்கு நானும் ஒண்ணு கொடுத்தேன். இவ பன்னிரண்டு நாளாத் தூங்கலை சிஸ்டர்... ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்னு..."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரவில்லை. ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பில் இருவருமே ஒரே காரியத்தை ஒளித்துச் செய்திருந்தார்கள்.

நர்ஸ் திட்டவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

குழந்தையின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் ஒரு கருவியை மாட்டினார்கள். மணிக்கணக்காக அதில் ஓடிய எண்களையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்ஸிக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. "காலைச் சவாரியை வேற ஆளுக்குத் தள்ளிட்டேன்" என்றார்.

ஐந்தரை மணிக்குக் குழந்தை முகத்தைச் சுளித்தது. கண்ணைத் திறந்து, "தண்ணி" என்று அதட்டியது.

"இந்த வயசுல ராத்திரி முழிக்கிறது சகஜம்மா" என்றார் நர்ஸ். "தினமும் ஒரே நேரத்துல படுக்கப் போடுங்க. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஃபோன், டிவியை அணைச்சு வெளிச்சத்தைக் குறைங்க. முழிச்சா விளக்கைப் போடாம, தூக்கி விளையாட்டுக் காட்டாம, பக்கத்துல உட்கார்ந்து தட்டிக்கொடுங்க. ஆளுக்கு ஒரு நாள் முறை வெச்சுக்கங்க. மத்தவர் தூங்கட்டும். தூங்க வைக்க மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்."

கணவன் வராந்தாவுக்குப் போய்த் துறைமுக மேலாளரை ஃபோனில் அழைத்தான்.

"சார், இன்னிக்கு என்னால மேல ஏற முடியாது. நான் தூங்கலை. போன வாரம்கூட மேலே ஒரு தடவை கண் அசந்துட்டேன். சொல்லப் பயமா இருந்தது."



"ஒரு வாரம் கீழேயே வேலை பாரு" என்றார் மேலாளர். "குழந்தை எப்படிய்யா இருக்கு?"

அவன் சுவரோடு சாய்ந்து அழுதான்.