பத்து நிமிடம் யாரும் வரவேண்டாம்

அந்த உணவகத்தைத் தேர்ந்தெடுத்தது யோகராணிதான். ஏன் என்பதைக் கணவன் இரவிச்சந்திரனுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். வீட்டில் வைத்துக் கேட்டால் தங்கராசா அத்தான் எழும்பி பேஸ்மென்டுக்குப் போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். கோயிலில் வைத்துக் கேட்டால் ஊருக்கே கேட்கும். வெள்ளை விரிப்பும் வெள்ளிக் கரண்டியுமாக, கோட் போடாத ஆணை உள்ளேயே விடாத ஓர் ஆங்கிலேய உணவகத்தில் ஒருவரும் இடையில் எழும்பிப் போகமாட்டார்கள், குரலையும் உயர்த்தமாட்டார்கள்.

கேட்கவேண்டியது ஒரேயொரு கேள்வி. எப்போது லண்டனுக்குத் திரும்பப் போகிறீர்கள்?

தங்கராசா இரவியின் மூத்த அண்ணன். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. கோயில் திருவிழாவுக்கென்று மூன்று கிழமைக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தார். திருவிழா முடிந்தது, கோடை முடிந்தது, மரங்களும் இலை கொட்டி முடித்துவிட்டன. அவருடைய பெட்டி மட்டும் இன்னும் பேஸ்மென்டில் திறந்தபடி கிடந்தது. புவாண்ட்-கிளேரில் வெயார்ஹவுஸ் சூப்பர்வைசராக வேலை பார்க்கும் யோகராணி களைத்து விழுந்து வீட்டுக்கு வந்தால், சமையலறை அலுமாரி தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கும். "மிளகாய்த்தூளை உயர வைக்கக்கூடாது, யோகராணி. லண்டனிலை நாங்கள் கீழ்த்தட்டிலைதான் வைக்கிறனாங்கள்." புட்டு இறுகிவிட்டது, பால் தண்ணீராக இருக்கிறது, இங்கத்தை பஸ்காரருக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது. நாள் முழுக்க ஓயாத வாய்.

"சூப் குடிச்சு முடிய நான் சொல்லுறன்," என்று இரவி அன்று காலை சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான்.

வாசலிலேயே தடங்கல் தொடங்கியது. கோட் போடுங்கோ, கோட் போடுங்கோ என்று அவள் இரண்டு தரம் சொல்லியும் இரவி ஸ்வெட்டரோடு வந்திருந்தான். தலைமைப் பணியாளர் முகம் சுளிக்காமல் உள்ளே போய், இப்படி வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த கோட் ஒன்றை எடுத்து வந்தார். அதன் கைகள் இரவியின் விரல் நுனி வரை தொங்கின. டையும் மூன்று துண்டு சூட்டுமாக நின்ற தங்கராசா தலையாட்டினார்.

"நான் சொன்னனான்தானே, தம்பி. இங்கிலீஷ்காரனுக்கு உடுப்புத்தான் முதல்."

சொன்னது நான், என்று யோகராணி மனதுக்குள் பல்லைக் கடித்தாள்.

உட்கார்ந்ததும் பணியாளர் ஒருவர் மேசையில் மடித்து வைத்திருந்த கைத்துவாயை உதறி அவளின் மடியில் தானே விரித்துவிட்டார். அவள் திடுக்கிட்டுக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். "அப்பிடித்தான் செய்யிறவை, பயப்பிடாதையும்," என்றார் தங்கராசா. பணியாளர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வணக்கம் சொன்னார். தங்கராசா ஆங்கிலத்தில், அதுவும் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில், பதில் சொன்னார்.

சூப் வந்தது. தங்கராசா பாடம் எடுத்தார். கரண்டியைத் தன் பக்கம் இழுக்கக்கூடாதாம், எதிர்ப்பக்கம் தள்ளவேண்டுமாம். இரவி அப்படித் தள்ளப்போய், இரவல் கோட்டின் கையைச் சூப்பில் தோய்த்தான். கிண்ணங்கள் எடுக்கப்பட்டன. யோகராணி மேசைக்குக் கீழே இரவியின் காலை மிதித்தாள்.

"அண்ணை..." என்று அவன் தொடங்கினான்.

"மிளகு?" என்று யாரோ கேட்டார்கள். அண்ணாந்து பார்த்தால், முழங்கை நீளத்தில் ஒரு மிளகு அரைக்கும் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு பணியாளர். மிளகு போட மேசையில் ஒன்றுமே இருக்கவில்லை. தவறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் போனார். இரவி தண்ணீரைக் குடித்தான்.

"என்ன தம்பி, என்னவோ சொல்ல வந்தாய்?"

"ஒண்டுமில்லை அண்ணை. பேந்து சொல்லுறன்."

யோகராணிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இனி இவனை நம்பிப் பயனில்லை. அவளே தொடங்கினாள். "அத்தான், உங்கடை பிளேன் ரிக்கெற்..."

சக்கரங்கள் கிறீச்சிட ஒரு தள்ளுவண்டி வந்து அவள் தோளருகே நின்றது. வெள்ளி மூடி மெல்ல, மிக மெல்லத் திறக்கப்பட்டது. உள்ளே ஆட்டுத்தொடை ஒன்று ஆவி பறக்கக் கிடந்தது. வெட்டுகிறவர் கத்தியைத் தீட்டினார். எந்தப் பக்கம் வேண்டும், எவ்வளவு வெந்தது வேண்டும் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். தங்கராசா அவரைத் திருப்பி விசாரித்தார்: ஆடு எந்த நாட்டது, எத்தனை மணித்தியாலம் அடுப்பில் கிடந்தது, புதினாச் சோஸ் புதிதாக அரைத்ததா. கடைசியில் அவளுடைய தட்டில், காற்றடித்தால் பறந்துவிடும் தடிப்பில் மூன்று துண்டும் இரண்டு உருளைக்கிழங்கும் விழுந்தன. காலையில் இருந்து சாப்பிடாதவளுக்கு அதைப் பார்க்க அழுகையே வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து மறுபடி வாயைத் திறந்தாள். ஒருவர் வந்து தட்டுகளை எடுத்தார். பிறகு திறந்தாள். வேறொருவர் வந்து சின்ன வெள்ளித் தகட்டால் விரிப்பில் கிடந்த பாண் துகள்களை வழித்தார், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு மூலையாக.

யோகராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேலையிடத்தில் லொறிச் சாரதிகளோடு பேசிப் பழகிய பிரெஞ்சில், "ஐயா, தயவுசெய்து பத்து நிமிடத்துக்கு இந்த மேசைக்கு ஒருவரும் வரவேண்டாம்," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், இரவியின் முகத்தைப் பார்த்தார், தலை குனிந்துவிட்டுப் போய்விட்டார். போனவர் வழியில் வந்துகொண்டிருந்த மற்றவரையும் கையால் மறித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனது தெரிந்தது.

"என்ன சொன்னனீர்?" என்று தங்கராசா கேட்டார்.

"அத்தான், நீங்கள் எப்ப லண்டனுக்குப் போறியள்?"

கேட்டாயிற்று. இரவி கோட்டின் நனைந்த கையை ஆராய்ந்துகொண்டிருந்தான். தங்கராசா முதலில் அவளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நான் போகேல்லையே, பிள்ளை. அங்கை வீட்டையும் குடுத்திட்டன். வந்த முதல் கிழமையே ரவியிட்டைச் சொன்னனான், உங்களோடை இருக்கப்போறன் எண்டு. அவன் உம்மட்டைக் கேட்டவன், உமக்குப் பூரண சம்மதமாம், விசாவும் நீட்டலாமாம் எண்டு சொன்னவன்." அவருடைய குரலில் இப்போது அந்த ஆங்கிலக் கம்பீரம் இல்லை. "அவன் உம்மட்டைச் சொல்லேல்லையோ?"

யோகராணி இரவியின் பக்கம் திரும்பினாள். நாலு மாதம். ஒவ்வொரு இரவும் இவர் எப்போது போவார் என்று அவள் கேட்க, "பாப்பம், கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவன் இவன். இந்தக் காலை வரைக்கும் சூப் முடியச் சொல்லுகிறேன் என்றவனும் இவன்தான். கத்தவேண்டும் போலிருந்தது. கத்த முடியாத இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

"ரெண்டு பேருக்கும் நோகக்கூடாதெண்டுதான்..." என்று இரவி முணுமுணுத்தான்.

"வாயைப் பொத்துங்கோ," என்றாள் அவள் மெல்ல.

தங்கராசா துவாயை நாலாக மடித்து மேசையில் வைத்தார். காது இரண்டும் கறுத்துச் சிவந்திருந்தன. "சம்மதமில்லாத வீட்டிலை இவ்வளவு நாளும் இருந்து சாப்பிட்டிருக்கிறன். புட்டு இறுக்கமெண்டு வேறை சொல்லியிருக்கிறன்." துவாயின் மடிப்பை விரலால் நீவினார். "அவ போனாப்பிறகு அங்கை ஒருத்தரோடையும் இருந்து சாப்பிடேல்லை. வாய் திறக்காமல் கிழமைக் கணக்காய்ப் போகும். இஞ்சை வந்து கூடக் கதைச்சுப்போட்டன் போலை."

"ஓம் அத்தான். கூடத்தான்," என்றாள் யோகராணி. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இன்றைக்குக் கேட்ட பொய் போதும். ஆனால், இந்த மேசையில் தன்னைப் போலவே ஏமாந்த இன்னொருவர் இருக்கிறார் என்பதும் அவளுக்கு விளங்கியது. அந்தக் கோபத்துக்கு நடுவில் அது ஒரு விதமான ஆறுதலாகக்கூட இருந்தது.

"இப்ப என்னட்டைக் கேளுங்கோ," என்றாள். "அவரிட்டை இல்லை. என்னட்டை."

தங்கராசா தொண்டையைச் செருமினார். "கொஞ்ச நாளைக்கு இருக்கலாமோ?"

"குளிர் முடியுமட்டும் இருங்கோ. அதுக்குள்ளை பக்கத்திலை ஒரு அறை பாப்பம். அலுமாரியிலை கை வைக்கக்கூடாது. புட்டைப் பற்றி ஒரு கதையும் இருக்கக்கூடாது."

"சரி, பிள்ளை."

பத்து நிமிடம் முடிந்திருக்கவேண்டும். பணியாளர் தூரத்தில் நின்று அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்ததும் வந்து, கஸ்ரட்டும் கேக்கும் அடுக்கிய ட்ரைஃபிள் எத்தனை கொண்டுவரலாம் என்று கேட்டார்.

"இரண்டு," என்றாள் யோகராணி. இரவி நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

அவளும் தங்கராசாவும் கிண்ணத்தின் அடிவரை வழித்துச் சாப்பிட்டார்கள். கரண்டியை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை சொல்ல வாயெடுத்து, கரண்டியை வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

காரை அவள்தான் ஓட்டினாள். தங்கராசா கேட்டபடியால் அவரைச் சாந்த்-றெஜிஸ் தெருவில் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் என்ஜினை அணைத்தாள். கண்ணாடிகள் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தாள். பிறகுதான் தொடங்கினாள். நாலு மாதத்துக்குமாகச் சேர்த்துக் கத்தினாள். பக்கத்துக் காரில் ஏறவந்த குடும்பம் ஒன்று ஏறாமல் திரும்பிப் போனது. இரவி கெஞ்சினான், விளக்கம் சொன்னான். அண்ணனிடம் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை, உம்மிடம் கேட்கப் பயம், நாளாக நாளாக இரண்டு பேரும் தாங்களாகவே பழகிவிடுவீர்கள் என்று நினைத்தேன், என்றான்.

"பழகிறதுக்கு நாங்கள் என்ன, ஆட்டுக்குட்டியும் நாய்க்குட்டியுமோ?" என்று அவள் கேட்டாள். நாளையிலிருந்து இரவுச் சமையல் அவனுடையது, அண்ணனுக்கு அறை தேடுவதும் அவனுடையது என்று முடிவானது. முடிவு செய்தவள் அவள்தான்.

தங்கராசா நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து முன்னால் ஏறினார். இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கார் தெருவில் ஏறியது. முதல் சிவப்பு விளக்கில் அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"யோகராணி, கோவிக்காதையும்," என்றார் அவர் மெதுவாக. "பிரேக்கை இன்னும் கொஞ்சம் முந்தியே பிடிச்சிருக்கலாம்."

யோகராணி ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். பின்னாலிருந்து இரவி ஏதோ சொல்ல வாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"நீங்கள் கதைக்கவேண்டாம்," என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்து. விளக்குப் பச்சையானது.