பேர் மாற்றாத வீடுகள்

இறந்து நான்கு மாதம் ஆகியிருந்த தபால்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்துக்கு வந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கையெழுத்து உயிரோடு இருந்தபோது எவ்வளவு கோணலோ அவ்வளவு கோணலாகவே இருந்ததால் நூலகர் தடுக்கவில்லை. மறுநாள் பழைய மளிகைக்கடைக்காரர் வந்தார். அதற்கடுத்த நாள் கணக்கு வாத்தியாரும் அவர் மச்சினரும் சேர்ந்து வந்தார்கள். மாதம் முடிவதற்குள் படிப்பறையில் உயிருள்ளவர்களைவிட இறந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. பக்கத்தைக் கிழிக்கவில்லை, எச்சில் தொட்டுப் புரட்டவில்லை, மின்விசிறி ஏன் ஓடவில்லை என்று கேட்கவில்லை. வீட்டில் தன் கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டதாகவும், காசு கேட்காமல் உட்காரவிடும் இடம் ஊரில் இது ஒன்றுதான் என்றும் தபால்காரர் விளக்கம் சொன்னார். அது உண்மைதான்.

நூலகரை ஊரில் உஷ் அக்கா என்பார்கள். இருபத்தாறு வருடமாக அந்த ஒரு சொல்லாலேயே படிப்பறையை ஆண்டு வந்தவள். அவளுடைய கணவர் தையல்காரர். கடலையே பார்த்திராத அந்த மனிதர் தினமும் மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்து கப்பல் பயணப் புத்தகங்களாகப் படிப்பார். பிறகு அவள் ஜன்னல்களை மூடி, விளக்கணைத்து, பூட்டுகிற வரைக்கும் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். அவர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. தபால்காரர் வந்த அன்றே அவள் கப்பல் புத்தகங்களைத் தூசி தட்டி மேஜையில் எடுத்து வைத்தாள். ஒரு வாரம் பார்த்தாள், ஒரு மாதம் பார்த்தாள். ஊரில் செத்தவர்கள் எல்லாம் வருகிறார்கள், இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன வந்தது என்று அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

இதற்கிடையில் நூலகமே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. நகராட்சி அதற்கு ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கும். வருடக் கடைசியில் உஷ் அக்கா மனுவோடு போய் நிற்க வேண்டும். தலைவர் அறிவின் பெருமையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுக் கையை விரிப்பார். ஒரு வருடம் வார இதழ்கள் நின்றன, அடுத்த வருடம் கூட்டிப் பெருக்குகிறவர் நின்றார், அதற்கடுத்த வருடம் அவள் சம்பளத்தில் பாதி நின்றது. கடைசியில் கடிதமே வந்துவிட்டது. வருட முடிவோடு நூலகம் மூடப்படும், இடம் வண்டிகள் நிறுத்த ஒதுக்கப்படும். தப்பிக்க ஒரே ஒரு வழி விதிப்புத்தகத்தில் இருந்தது. வீட்டு உரிமையாளர்களில் பாதிக்கு மேல் நகராட்சிக் கூட்டத்துக்கு நேரில் வந்து கை தூக்கினால், வீட்டு வரியோடு ஒரு பங்கு கூடுதலாக வசூலாகி நிரந்தரமாக நூலகத்துக்கு வரும், யார் காலிலும் விழ வேண்டியதில்லை. அவள் செருப்புத் தேயத் தேய நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். சரி என்றவர்கள் அவளையும் சேர்த்து முப்பத்தொரு பேர். மளிகைக்கடைக்காரரின் மகன் வாசலிலேயே நிறுத்திப் பேசினான்.

"படிக்கிறவன் கட்டட்டும் அக்கா. எங்க வீட்ல யார் அங்க வர்றா?"

அவனுடைய அப்பா அந்நேரம் நூலகத்தில் மூன்றாம் பக்கத்தில் இருந்தார்.

வரி குமாஸ்தா நல்ல மனிதர். வீண் ஆசை வேண்டாம் என்று புரியவைப்பதற்காக வரிப் பதிவேட்டையே எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள். தபால்காரர் பெயர் இருந்தது. மளிகைக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், அவர் மச்சினர், எல்லோருடைய பெயரும் இருந்தது. அந்த ஊரில் அப்பா செத்தால் வீட்டு வரியில் யாரும் பேர் மாற்றுவதில்லை. மாற்றுவதற்கு அண்ணன் தம்பி அக்கா தங்கை அத்தனை பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அப்படி ஒரு சம்பவம் அங்கே நடந்து வெகுகாலம் ஆகிறது. பதிவேட்டில் பாதிக்குப் பாதி இறந்தவர்கள். அத்தனை பேரும் அவளுடைய வாசகர்கள்.

தையல்காரர் பெயர் மட்டும் இல்லை. அந்த இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவர் போன பன்னிரண்டாம் நாள், எல்லாத் தாள்களையும் வரிசையாக அடுக்கி, தன் கையாலேயே விண்ணப்பம் எழுதி மாற்றியிருந்தாள். ஒரு புத்தகம் வேறு அலமாரியில் இருந்தால் தூக்கம் வராதவள் அவள், வீட்டை மட்டும் செத்தவர் பெயரில் விட்டுவைப்பாளா? ஊரிலேயே ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே பெண்டாட்டி அவள்தான். அதனால்தான் அவர் வரவில்லை. குமாஸ்தாவின் அறையிலேயே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"திரும்ப அவர் பேருக்கே மாத்திக் குடுங்க சார். என்ன செலவானாலும் பரவாயில்ல."

"இருக்கிற பேர் இருக்கலாம்மா. செத்தவங்க பேரைப் புதுசா ஏத்த வழியில்ல" என்றார் குமாஸ்தா.

கூட்டத்தன்று காலை பத்தரை மணிக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று இறந்தவர்கள் நகராட்சி மண்டபத்துக்கு நடந்தே வந்து, முன்வரிசையை உயிருள்ளவர்களுக்கு விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார்கள். இவர்களெல்லாம் எப்படி உரிமையாளர்கள் ஆவார்கள் என்று தலைவர் குதித்தார். இவர்கள் உரிமையாளர்கள் இல்லையென்றால் இத்தனை வருடம் இவர்கள் பெயரில் வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று குமாஸ்தா மெதுவாகச் சொன்னார். தலைவர் உட்கார்ந்துவிட்டார். கைகள் உயர்ந்தன. இறந்தவர்களுக்குக் கை வலிக்காததால் எண்ணி முடிக்கிற வரை ஒருவரும் கையைக் கீழே விடவில்லை. மொத்தம் இருநூற்று இருபத்து நான்கு. தோற்றதை ஜீரணிக்க முடியாமல் தலைவர் கடைசியில் தீர்மானத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். கை தூக்கியவர்களின் பெயர்கள் வரிப் பதிவேட்டில் பாதிக்கு மேல் இருக்கிற வரைதான் இது செல்லும்.

வரி ஏறியதும் பிள்ளைகளுக்கு ரோஷம் வந்தது. மளிகைக்கடைக்காரரின் மகன் ஜென்மப் பகையான தம்பியோடு சமாதானமாகி, கையெழுத்து வாங்கி, பேரை மாற்றிவிட்டு, நேராக நூலகத்துக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் துண்டை வைத்து மூடி, அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அப்படிப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று அவள் தபால்காரரைக் கேட்டாள். மற்றவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான் என்றார், தையல்காரரும் அங்கேதான் இருப்பார் என்றார். எட்டு வருடத்தில் பதினேழு பெயர்கள் குறைந்தன. மீதி வீடுகளில் சகோதரச் சண்டை பலமாக இருந்ததால் நூலகம் பிழைத்தது. மின்விசிறி ஓடியது, வார இதழ்கள் வந்தன. கணக்கு இருநூற்று ஏழில் நின்றது. இன்னும் ஒரு பெயர் போனால் சரிபாதி, அப்புறம் பூட்டுதான். அந்த இருநூற்று ஏழில் ஒன்று உஷ் அக்காவுடையது.

அந்த வருடம்தான் அவளுக்கு நோய் வந்தது. மருத்துவர் மாதக் கணக்கில் பேசவில்லை, வாரக் கணக்கில் பேசினார். வெளியூரில் வங்கியில் வேலை பார்க்கும் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒழுங்கில் அம்மாவை உரித்து வைத்தவள், விண்ணப்பத் தாளைக் கையோடு வாங்கி வந்திருந்தாள். அம்மா அதைப் பார்த்ததும் பேர் மாற்ற வேண்டாம் என்றாள்.

"அப்பாவோடத நீ உடனே மாத்தினியேம்மா?"

"அதனாலதான் சொல்றேன்."

மகள் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"மாத்தினா நீ அப்பாகிட்ட போயிடலாம்மா."

"போகலாம்தான். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அப்புறம் இவங்கள்லாம் எங்க உட்காருவாங்க? உங்கப்பாவுக்குக் காத்திருந்து பழக்கம்டி. நான் பூட்டற வரைக்கும் படியில உட்கார்ந்திருந்த மனுஷன்தானே."

அவள் வியாழக்கிழமை இறந்தாள். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வழக்கம்போல வந்து பூட்டைத் திறந்தாள், தபால்காரர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். இறந்தவர்களுக்குச் சம்பளம் தர விதியில் இடமில்லை என்று நகராட்சி அவள் சம்பளத்தை நிறுத்தியது. அந்தப் பணத்தில் அடுத்த வருடம் ஒழுகுகிற கூரையை மாற்றினார்கள்.

மகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரி கட்ட வருகிறாள். குமாஸ்தா ரசீதில் அவள் அம்மா பெயரை எழுதிவிட்டு, விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

"பேர் மாத்தலையாம்மா?"

"இருக்கட்டும் சார்."

ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் நூலகத்துக்கு நடந்து போய், அம்மா பூட்டுகிற வரைக்கும் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.