ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும்

மனித குலத்தின் அறிவை அளந்து பார்க்க உலக நாடுகள் ஒன்றுகூடி முடிவெடுத்தபோது, அவற்றின் பார்வை மரக்காணம் உப்பளக் கரையில் வந்து நிலைத்தது. பெற்றோருக்கான கடிதத்தைத் தலைமை ஆசிரியர் வெற்றிச்செல்வன் இப்படித்தான் தொடங்கியிருந்தார். நடந்தது வேறு. பல நாடுகளில் நடக்கும் ஒரு தேர்வுக்காக எங்கோ ஒரு கம்ப்யூட்டர் போட்ட குலுக்கலில் அவருடைய பள்ளியின் பெயர் விழுந்திருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேரையும் அது குலுக்கியே எடுத்திருந்தது. இதைக் கடிதத்தில் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

பெற்றோருக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் பத்து நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்பது மேலிடத்து உத்தரவு. காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் போட்டார். விடியுமுன்னே உப்பு வாரப் போனவர்களில் ஒருவரும் வரவில்லை. பாதிப் பேருக்கு மேல் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தானே என்று, ஞாயிறு பூசையில் வாசிக்கச் சொல்லிக் கடிதங்களைக் கோயில் உபதேசியார் மார்ட்டினிடம் கொடுத்துவிட்டார்.

மார்ட்டினுக்கு அன்று, ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் தெரிவிக்கவும்’ என்று வாசிக்கும் கல்யாண ஓலைகளே மூன்று இருந்தன. அவற்றை வாசித்து முடித்த கையோடு, அதே ராகத்தில், மேலாக இருந்த கடிதத்துக்குத் தாவினார். முன்னுரை நீளம் என்பதால் அதை விட்டுவிட்டார். “அமிர்தசாமி, இன்னாசிமேரி இவர்களின் மகள் ஜெனிஷா, சர்வதேச அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். ஆட்சேபணை உள்ளவர்கள் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.”

எழுந்த சலசலப்பில் அடுத்த கடிதம் யார் காதிலும் விழவில்லை.

திங்கட்கிழமை மதியமே முதல் ஆட்சேபணை வந்துவிட்டது. கொண்டுவந்தவள் அமிர்தசாமியின் அக்கா அந்தோணியம்மாள். அவள் பின்னாலேயே உப்பளத்திலிருந்து நேராக, காலெல்லாம் வெளுத்துப்போய் இன்னாசிமேரி வந்தாள். வகுப்பிலிருந்து ஜெனிஷாவையும் கூப்பிட்டார்கள்.

“எம் பையன் ஜெரால்டு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, என் தம்பி பொண்ண வெளிநாட்டுக்காரனுக்கு எப்படி சார் குடுப்பீங்க?” என்றாள் அந்தோணியம்மாள். “அவனும் ஆரோவில்ல வெள்ளக்காரங்க கூடத்தான் வேல செய்றான். இன்னா கொறச்சல் அவனுக்கு?”

“அம்மா, இது பரீட்சைங்க.”

“பொண்ணு கேக்கறதுக்குப் பரீட்சை வேறயா!”

“அண்ணி, சும்மா இருங்க” என்றாள் இன்னாசிமேரி. “ஏன் சார், மார்க்கு போடுவாங்களா?”

“ஆளுக்கு ஆள் மார்க் தரமாட்டாங்கம்மா.”

“ரேங்க்கு?”

“அதுவும் இல்ல. பேரும் வெளிய வராது. ஆனா நம்ம நாட்டோட பெருமை...”

“ஒண்ணுமே வராததுக்கு ஏன் சார் கோயில்ல படிக்கிறீங்க? மாப்ள யாருன்னு ஊரே கேக்குது. பேர எடுத்துருங்க. அவுங்கப்பாவும் அதத்தான் சொல்றாரு.”

அத்தை எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். அம்மா எழுதிக் கொடுத்துவிட்டால் பெயரை அடித்தே ஆக வேண்டும்.

“நான் எழுதணும்மா” என்றாள் ஜெனிஷா. “எதுன்னாலும் ஃபர்ஸ்ட் ரேங்க் வர்றவங்களத்தான் கூப்பிடுவாங்க. இதுக்குத்தான் என்னக் கூப்பிட்டாங்க.”

தலைமை ஆசிரியர் உண்மையைச் சொல்லிவிட்டார். “குலுக்கல்லதாம்மா எடுத்தாங்க.”

“அதனாலதான் சார் எம் பேரு வந்துச்சு. இல்லன்னா எங்க வரப்போவுது?”

இன்னாசிமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அப்பிடி இன்னாதான் கேப்பாங்க? காட்டுங்க சார்.”

கம்ப்யூட்டர் அறையில் மாதிரிக் கேள்விகள் இருந்தன. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட, ஜெனிஷாவுக்குப் பக்கத்து கம்ப்யூட்டரில் தலைமை ஆசிரியரும் உட்கார்ந்தார். பஸ் நேரப் பட்டியல், மருந்துச் சீட்டு, மழை அளவு வரைபடம் என்று பத்துக் கேள்விகள். அரை மணி நேரம் இருவரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் இரண்டு திரையிலும் எண்கள் வந்தன.

“அதான் எம் மருமவ!” என்றாள் அந்தோணியம்மாள்.

“எழுதட்டும் சார். அவுங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள் இன்னாசிமேரி.

ஜெனிஷாவுக்கு ஆறு சரி. தலைமை ஆசிரியருக்கு நான்கு.