நைனா வீட்ல இல்ல

மாசிலாமணி மீன் வண்டி ஓட்டுகிறவர். பழவேற்காட்டில் காலை ஏலம் முடிந்ததும் மீனையும் இறாலையும் ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, குட்டியானை என்கிற தன் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்கும் சென்னைக்கும் போவார். பிற்பகலில் காலிப் பெட்டிகளோடு திரும்பி வருவார். மனைவி மார்கரெட் அங்கன்வாடியில் சமையல் உதவியாளர். ஒரே மகள் பிரின்சி.

பிரின்சி கைக்குழந்தையாக இருந்தபோது, சென்னையில் மீன் இறக்கும் இடத்தில் பழக்கமான ஒருவர் மாசிலாமணியை மார்மன் சபைக்கு அழைத்துப் போனார். ஊரில் மற்றக் கிறிஸ்தவர்கள், இது இன்னா புது சபை என்று கேட்டார்கள். அவரால் விளக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவரைப் பிடித்து நிறுத்தியது பிரசங்கம் அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து வேதம் வாசிக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அவர் வளர்ந்த வீட்டில் யாரும் ஒன்றாக உட்கார்ந்ததே கிடையாது. அப்பா குடித்துவிட்டு வரும் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவார்கள். தன் வீடு அப்படி இருக்கக் கூடாது என்று அவருக்கு வெறியே இருந்தது.

அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் தினமும் பாய் விரிப்பார்கள். மூன்று பேரும் முறை வைத்து வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் மாசிலாமணி, இதில் நம் வீட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார். மார்மன் நூலில் வரும், குடும்பத்தோடு கப்பல் கட்டிக் கடல் தாண்டிப் போனவர்களின் கதையை வாசித்தபோது, படகில் இருக்கும்போது அண்ணன் தம்பி சண்டை போட்டால் படகு கவிழும் என்று பிரின்சி சொன்னாள். அவர் அந்தப் பதிலை லோடு ஏற்றுகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வாசிப்பு அவரையும் மாற்றத்தான் செய்தது. ஏலக் கூடத்தில் வாய்க்கு வந்தபடி ஏசுவதை விட்டார். மார்கரெட்டிடம் குரல் உயர்த்துவது குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் அவரைப் பேசச் சொன்னார்கள். அங்கே சம்பளத்துக்குப் பாதிரியார் கிடையாது, உறுப்பினர்களே முறை வைத்துப் பேச வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட வாசிப்பு விட்டுப்போனதில்லை என்று அவர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் பலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த நேரத்தை அவர் காவல் காக்க ஆரம்பித்தார். பாயில் உட்கார்ந்துவிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கதவைத் தட்டுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம் அது நடந்தது. காலையிலிருந்து வண்டி ஓட்டிய அலுப்பில் அவர் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பிரின்சி வாசித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அங்கமுத்து. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், ஏரியில் தொழில் செய்கிறவர், பல வருடமாக அவருடைய இறாலை மாசிலாமணிதான் ஏற்றிக்கொண்டு போகிறார். மழைக்கு முன்னால் பிடித்ததை இப்போதே ஏற்ற வேண்டும் என்பார், வேறு என்ன இருக்கப் போகிறது என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தார். அது இன்னொரு முறை அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக, கோணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அங்கமுத்து தெருவில் வருவது தெரிந்தது.

"நைனா வீட்ல இல்லனு சொல்லிட்டு வா" என்றார் மாசிலாமணி.

பிரின்சி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மார்கரெட் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை புத்தகத்தை மூடாமல் விரலை நடுவில் வைத்துப் பிடித்தபடியே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவள் சொன்னது உள்ளே கேட்டது.  "சரி கண்ணு, உள்ள போ, நனையிற" என்று அங்கமுத்து சொன்னதும் கேட்டது. அவள் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

மறுநாள் ஏலக் கூடத்தில் விஷயம் தெரிந்தது. அங்கமுத்துவின் மனைவி செல்வம்மாள் முந்தின நாள் மதியம் ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தபோது திருக்கை மீனின் முள் காலில் ஏறிவிட்டது. துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் கால் வீங்கி, காய்ச்சல் தூக்கி, பேச்சு குழற ஆரம்பித்திருக்கிறது. பாதையில் தண்ணீர் ஏறியதால் கடைசி பஸ் வரவில்லை. ஆட்டோக்காரர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். உயரமான வண்டி மாசிலாமணியுடையதுதான். விடிந்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் பொன்னேரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. அங்கே சில நாளில் அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

முந்தின சாயங்காலமே போயிருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. மாசிலாமணி அந்தக் கேள்வியை ஒரு டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தார்.

அங்கமுத்து எதையும் காட்டிக்கொள்ளவில்லை. முன்போலவே பெட்டிகளைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். ஆனால் லோடு ஏற்றியதும் இரண்டு பேரும் சேர்ந்து குடிக்கிற டீயைக் குடிக்க நிற்பதில்லை, வேலை இருக்கு என்று போய்விடுவார். அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட மாசிலாமணிக்குச் சுமை குறைந்திருக்கும். செல்வம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மார்கரெட் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மாசிலாமணி போகவில்லை. லோடு இருக்கிறது என்றார். செல்வம்மாளால் இனி ஏரியில் இறங்க முடியாது என்பதை மார்கரெட் வந்து சொன்னாள். மார்க்கெட்டில் மற்றவர்களுடைய மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து விற்கப் போகிறாளாம்.

வீட்டில் வாசிப்பு நிற்கவில்லை. அதை நிறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று அவர் பாயை விரித்துக்கொண்டே இருந்தார். அன்று ஏன் அப்படிச் சொன்னோம் என்று தனக்குள் கேட்டுக்கொள்வார். வேதம் வாசிக்கிற நேரத்தை விடக் கூடாது என்று நினைத்தாரா, மழையில் வண்டி எடுக்கச் சோம்பலா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. பிரின்சி தன் பங்கைத் தடுமாறாமல் வாசிப்பாள். நம் வீட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், "தெர்ல நைனா" என்பாள். முன்பு பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வருகிறவள், இப்போது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள்.

தை மாதத்தில் அவளுக்கு எட்டு வயது முடிந்தது. அந்தச் சபையில் எட்டு வயதில்தான் ஞானஸ்நானம். அதற்கு முன் பிள்ளைகளுக்குப் பாவம் கணக்கில்லை என்பது அவர்கள் விசுவாசம். தகப்பனுக்கு ஆசாரியத்துவம் என்கிற சபைப் பொறுப்பு இருந்தால் அவரே பிள்ளையைத் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிரின்சி பிறந்த நாளிலிருந்து மாசிலாமணி அதற்காகத்தான் காத்திருந்தார். ஞானஸ்நானத்துக்கு முன்பு சபையின் கிளைத் தலைவர் பிள்ளையிடம் பேச வேண்டும். அப்போது கிளைத் தலைவராக இருந்தவர் ஹரிஹரன், மற்ற நாட்களில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். பிள்ளைகளிடம் மெதுவாகப் பேசுவார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் பிரின்சியையும் பெற்றோரையும் தன் அறையில் உட்கார வைத்தார்.

இயேசுவைப் பற்றிக் கேட்டார், ஜெபத்தைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் சரியாகச் சொன்னாள். ஞானஸ்நானம் எடுக்க விருப்பமா என்று கேட்டபோது, விருப்பம்தான், ஆனால் இப்போது வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டார்.

"நான் ஒரு பொய் சொன்னேன். அதால ஒருத்தங்களுக்குக் கால் வெரலு போய்டுச்சி."

யார் சொல்லச் சொன்னார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. ஹரிஹரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போது உனக்கு எத்தனை வயது என்று கேட்டார். ஏழு என்றாள். அப்படியென்றால் அது உன் மேல் வராது, நீ கவலைப்பட வேண்டாம் என்று அவர் ஆறுதலாகச் சொன்னார்.

பிரின்சி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் மேல இல்லன்னா, அது யாரு மேல பிரதர்?"

 ஹரிஹரன் மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மகள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும், தான் இன்னமும் அவளுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்பதும் ஒரே நேரத்தில் அவருக்கு உறைத்தது. இன்னொரு நாள் பேசலாம் என்று ஹரிஹரன் எழுந்துவிட்டார்.

ஊர் திரும்பும் ரயிலில் பிரின்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.  மீஞ்சூர் தாண்டியதும் மாசிலாமணி அவள் பக்கம் குனிந்து சொன்னார்.

"கண்ணு, அது என் மேல. நீ சொன்னது ஒன்னும் இல்ல. நான்தான் சொல்ல வெச்சேன். அங்கயே சொல்லியிருக்கணும், எனக்கு வாய் வரல."

அவள் தலையாட்டினாள். "எனக்குத் தெரியும் நைனா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாம போய் அவங்க கிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டாள். நீ வர வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்றார். எதிரில் இருந்த மார்கரெட் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானும் அன்றைக்கு வாய் மூடி உட்கார்ந்திருந்ததை மறக்க வேண்டாம் என்றாள்.

மறுநாள் பிற்பகல் வண்டியை நிறுத்தியதும் அவர் நேராக அங்கமுத்து வீட்டுக்குப் போனார். அங்கமுத்து வலையைப் பிரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தார். செல்வம்மாள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டு பிரித்த கால் வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில்தான் இருந்தேன், வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன், எழுந்து வர மனசில்லாமல் பிள்ளையை அனுப்பினேன் என்றார்.

"தெரியும்" என்றாள் செல்வம்மாள். "வண்டி தார்ப்பாய் மூடி நின்னுகினு இருந்திச்சி, உன் செருப்பு வாசல்ல கெடந்திச்சி. இவரு பாத்துட்டுதான் வந்தாரு. ஆனா என்னாண்ட வந்து, மாசிலா வீட்ல இல்லியாம்னு மட்டும்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரில இருந்து வந்தப்பறம்தான் மீதிய சொன்னாரு."

அங்கமுத்து வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மழையா இருக்கு, முடியலனு நீ சொல்லியிருந்தா நாலு வார்த்த திட்டிட்டு வுட்டிருப்பேன்" என்று அவள் தொடர்ந்தாள். "அந்தக் கொயந்த வாயால சொல்ல வெச்சியே, அதான் எனக்கு ஆறல. உம் பொண்ணு டெய்லி ஸ்கூல் வுட்டு நேரா இங்க வர்றா. கொழாய்ல தண்ணி புடிச்சி எடுத்தாந்து வெச்சிட்டு, ஒன்னும் பேசாம போறா. எதுக்குடினு நான் ஒரு நாளும் கேக்கல. கேட்டா அழுதுடும்னு தெரியும்."

மாசிலாமணி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதமாகத் தன் பிள்ளை தான் செய்ததற்காகத் தண்ணீர் சுமந்திருக்கிறாள், தான் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வேதத்தில் கேள்வி கேட்டிருக்கிறோம். மன்னிச்சிடு அண்ணி என்று கேட்டார்.

செல்வம்மாள் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"நீ கேட்டுட்ட. எனக்கு இப்போ சொல்ல வரல. வர்றப்போ சொல்றேன்" என்றாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை, ஆனால் இளக்கமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகும் நாட்களில் வண்டியில் அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். பஸ் இருக்கு என்றாள். அங்கமுத்துதான் கடைசியில் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு, காலையில் லோடு இருக்கிறது, வீட்டுக்குப் போ என்று அனுப்பி வைத்தார்.

அன்றே அவர் ஹரிஹரனுக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னார். ஹரிஹரன் இடையில் பேசாமல் கேட்டார். நீங்களே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைச் சபை தடுக்காது, ஆனால் உங்கள் மனது என்ன சொல்கிறது என்று கேட்டார். இந்தக் கையால் அவளைத் தண்ணீரில் இறக்க முடியாது பிரதர் என்றார் மாசிலாமணி. காத்திருக்கலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் பிரின்சி காத்திருக்க விரும்பவில்லை. அப்பா போய்ச் சொல்லிவிட்டு வந்தார் என்று தெரிந்ததுமே அவள் ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றுவிட்டாள். பெரியம்மா என்று அவள் கூப்பிடும் செல்வம்மாள் இன்னும் மன்னித்ததாகச் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தண்ணீர் கொண்டுபோய் வைப்பதை மட்டும் விடவில்லை. யார் கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தாள். "ஹரிஹரன் பிரதர் குடுக்கட்டும். நீ பக்கத்துல நில்லு நைனா."

மாசிலாமணி சரி என்றார்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை சென்னைச் சபையில் ஞானஸ்நானம் நடந்தது. வெள்ளை உடையில் ஹரிஹரனும் பிரின்சியும் தொட்டிக்குள் இறங்கினார்கள். படியோரம் மாசிலாமணி துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றார். அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜெபத்தை இன்னொருவர் சொல்லக் கேட்டார். பிள்ளை முழுகி எழுந்து, கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டிக் கைப்பிடியைத் தேடினாள். அவர் கையைக் கொடுத்துப் படியேற்றித் துண்டைப் போர்த்தினார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல், "பெரிம்மா சொல்ட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல கண்ணு" என்றார்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, உடை மாற்ற அம்மாவுடன் போனாள்.